காட்டுத்தீ அபாயத்தை வரைபடத்தில் எப்படிப் படிப்பது?

"பல ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் காடு, புல்வெளி, தோட்டம், குடியிருப்பு எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு வட்டாரத்தில், காட்டுத்தீயின் அபாயத்தைக் குறைக்க வரைபடங்களும் புவியியல் தரவுகளும் எப்படி உதவும்? எந்தத் தரவிலிருந்து தொடங்க வேண்டும்? தயாரித்த வரைபடத்தை எவ்வளவு நம்பலாம், எத்தனை நாள் நம்பலாம்?" என்பது கேள்வி. இத்தகைய வரைபடங்களைப் பல ஆண்டுகள் தயாரித்தவன் நான். அவற்றுள் சில களத்தில் பயன்படாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் தொடங்கும் முறை ஒன்றுதான். நிலத்தின் சாய்வு, தாவர வகை, வெப்பநிலை, சாலையிலிருந்து உள்ள தொலைவு, ஊரிலிருந்து உள்ள தொலைவு என ஐந்தாறு அடுக்குகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். அந்தச் சிவப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டால் தெளிவான விடை வருவதில்லை. அங்கே தீ பிடிக்கும் வாய்ப்பு அதிகமா? பிடித்தால் அடக்க முடியாமல் பரவுமா? அல்லது அங்கே எரிந்தால் உயிரும் உடைமையும் போகுமா? இவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். மூன்றுக்கும் பரிகாரமும் வேறு வேறு. தீ பிடிக்கும் வாய்ப்பைக் குறைக்க ரோந்து, மின்கம்பிப் பராமரிப்பு, கோடைக்கால அனுமதிக் கட்டுப்பாடு ஆகியவை வேண்டும். பரவலைக் குறைக்க சருகு, புதர் போன்ற எரிபொருளை அகற்றவோ, எரிய ஏதுமில்லாத பட்டையாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டவோ வேண்டும். இழப்பைக் குறைக்க வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைச் சுத்தப்படுத்தி, வெளியேறும் வழிகளைச் சரிசெய்ய வேண்டும். நெடுஞ்சாலை ஓரப் புல்வெளி ஆண்டுக்குப் பத்து முறை பற்றி எரிந்து ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடலாம். தொலைவிலுள்ள ஓர் ஆழமான பள்ளத்தாக்கு முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பற்றும், ஆனால் பற்றினால் மேட்டிலுள்ள ஊரையே விழுங்கிவிடும். மதிப்பெண்களைக் கூட்டிய வரைபடத்தில் இவை இரண்டும் ஒரே மஞ்சள் நிறத்தில் வந்து நிற்கும். ஆகவே என் முதல் பரிந்துரை, மூன்று வரைபடங்களைத் தனித்தனியே தயாரியுங்கள் என்பதுதான். மூன்றையும் இணைத்துப் பார்க்கும் நேரம் பிறகு வரும். அதுவும் ஒரு குறிப்பிட்ட முடிவை எடுப்பதற்காக மட்டுமே வர வேண்டும்.

தொடக்கத்திற்கு ஏற்ற தரவு எது என்றால், கடந்த காலத்தில் எரிந்த பரப்பின் வரலாறு என்பேன். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் படங்கள் (படத்தின் ஒவ்வொரு சிறு சதுரமும் தரையில் 30 மீட்டர் பக்கம் கொண்டது) 1980களிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். 2015இலிருந்து ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் சேர்ந்துகொண்டன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. எரிந்த நிலத்தை இனங்காணும் வழி எளிமையானது. பச்சை இலை அண்மை அகச்சிவப்புக் கதிரை நன்றாகப் பிரதிபலிக்கும், குற்றலை அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகப் பிரதிபலிக்கும்; கரியும் வெற்று மண்ணும் நேர்மாறாக நடந்துகொள்ளும். இவ்விரண்டு அலைவரிசைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் எரிவுக் குறியீடு. தீக்கு முந்தைய படத்தின் குறியீட்டிலிருந்து பிந்தைய படத்தின் குறியீட்டைக் கழித்தால், எங்கே லேசாக எரிந்தது, எங்கே மண்வரை வெந்தது என்பது தெரியவரும். அமெரிக்கா இந்த முறையில் 1984 முதலான தன் பெருந்தீக்கள் அனைத்தையும் வரைபடமாக்கி வைத்திருக்கிறது. அத்தகைய தொகுப்பு இல்லாத வட்டாரத்திலும், செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் போன்ற மேடையையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளையும் கையாளத் தெரிந்த ஒருவர் சில வாரங்களில் அதை உருவாக்கிவிடலாம்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது அடிக்கடி எரிந்த இடங்களை மட்டும் பார்ப்பது தவறு. நெடுநாள் எரியாத இடங்களே பல சமயம் கவலைக்குரியவை. எந்தத் தாவர வகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இயல்பாக எரியும் என்பது ஓரளவு தெரிந்த செய்தி. அந்த இடைவெளியைத் தாண்டியும் தீயே அண்டாத காட்டில் சருகும் காய்ந்த கிளையும் சேர்ந்துகொண்டே போகும். வட ஆஸ்திரேலியாவின் புல்வெளிக் காடுகளில் இந்த வரலாற்றை வைத்தே வேலை நடக்கிறது. அங்குள்ள பழங்குடி வனக் காவலர்கள் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில், பனியும் ஈரமும் இருக்கும்போதே, திட்டுத் திட்டாகச் சிறு தீ வைக்கிறார்கள். பருவத்தின் கடைசியில் வரும் பெருந்தீ அந்தத் திட்டுகளில் முட்டி நின்றுவிடும். எந்தத் திட்டு சென்ற ஆண்டு எரிந்தது, எது மூன்றாண்டாக எரியவில்லை என்பதைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்துத்தான் இந்த ஆண்டு எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார்கள். முன்னோர் கால்நடையாகச் சென்று செய்த வேலையைப் பேரளவில் தொடர அந்த வரைபடம் உதவுகிறது. புவியியல் தரவை நான் பார்த்த வகையில் மிகச் சிறப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் அவர்கள்தான்.

எரிந்த பரப்பு ஒன்று, எரிந்துகொண்டிருக்கும் தீப்புள்ளி வேறொன்று. செயற்கைக்கோள்களில் பொருத்திய மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் அளவிலும், வியர்ஸ் கருவி 375 மீட்டர் அளவிலும் தரையின் வெப்பத்தை அளந்து தீப்புள்ளிகளைக் காட்டுகின்றன. செயற்கைக்கோள் கடந்து சென்ற 3 மணி நேரத்துக்குள் நாசா அவற்றை உலகம் முழுவதற்கும் வெளியிடுகிறது. இது பெரிய உதவி. ஆனால் வரைபடத்தில் தெரியும் புள்ளி தீயின் இடம் அன்று. வெப்பம் உணரப்பட்ட படச்சதுரத்தின், அதாவது படத்தின் மிகச்சிறு கட்டத்தின், மையம் மட்டுமே. 1 கிலோமீட்டர் சதுரத்தின் எந்த மூலையில் தீ இருந்தாலும் புள்ளி நடுவில்தான் விழும். அந்தப் புள்ளியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நேராக நடந்தால், தீ அடுத்த மேட்டுக்குப் பின்னால் இருக்கும். மேகம் மூடியிருந்தாலும், அடர்ந்த மரக்குடைக்கடியில் தரைத்தீ ஊர்ந்துகொண்டிருந்தாலும், செயற்கைக்கோள் கடக்கும் இரண்டு நேரங்களுக்கிடையே தீ பிடித்து அணைந்துவிட்டாலும் புள்ளியே விழாது. மறுபுறம், ஆலைப் புகைபோக்கியும் எண்ணெய்க் கிணற்றில் எரியும் வாயுவும் ஆண்டு முழுவதும் தீப்புள்ளியாகவே பதிவாகும். ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கையை அப்படியே தீக்களின் எண்ணிக்கையாக எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம். ஒரே தீ நான்கு நாள் எரிந்தால் நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தரும். ஒரு மாலையில் அணைக்கப்பட்ட பத்துத் தீக்கள் ஒரு புள்ளியையும் தராமல் போகலாம்.

தீ எங்கே தொடங்குகிறது என்ற முதல் வரைபடத்துக்கு, செயற்கைக்கோளைவிடத் தீயணைப்பு நிலையத்தின் பழைய பதிவேடு பயனுள்ளது. கனடாவின் வடபகுதிக் காடுகளில் எரியும் பரப்பின் பெரும்பங்கு மின்னலால் தொடங்குவது. மத்தியதரைக் கடலோர நாடுகளிலோ பெரும்பாலான தீக்கள் மனிதச் செயலால் தொடங்குபவை. காரணம் மாறினால் வரைபடமும் மாற வேண்டும். மனிதர் வைக்கும் தீ சாலை, நடைபாதை, மின்கம்பி, விளைநிலத்தின் ஓரம் ஆகியவற்றை ஒட்டியே கூடும். அதுவும் வாரத்தின் சில நாட்களிலும் நாளின் சில மணிகளிலும் கூடும். பதிவேட்டைப் பத்தாண்டுக்கு எடுத்து, இடமும் நேரமும் காரணமும் சேர்த்துக் குறித்துப் பார்த்தால், ரோந்து வண்டி எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது ஏறத்தாழ அதிலேயே கிடைத்துவிடும்.

பதிவேட்டை வரைபடமாக்கும்போது ஒரு சிறு பிழை திரும்பத் திரும்ப நிகழ்வதைப் பார்த்திருக்கிறேன். களத்தில் எழுதுபவர் அட்சரேகையை 12 டிகிரி 30 நிமிடம் என்ற பொருளில் 12.30 என்று எழுதுவார். அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் அதைத் தசம எண்ணாகவே எடுத்துக்கொள்வார். 12 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 12.5, இரண்டுக்கும் வேறுபாடு 0.2 டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், தீ வரைபடத்தில் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுகிறது. பழைய பதிவில் இப்படி நேர்ந்தால் ஆய்வு கெடும், அவ்வளவுதான். தீ எரிந்துகொண்டிருக்கும்போது வானொலியில் நேர்ந்தால் ஹெலிகாப்டர் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடும். ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாத் துறைகளும் ஒரே வடிவில் இடத்தைச் சொல்லவும் எழுதவும் வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது, எந்த விலையுயர்ந்த மென்பொருளையும் விட முக்கியமானது.

இரண்டாவது வரைபடம் பரவல். இதற்கு நிலத்தின் வடிவம், எரிபொருள், வானிலை ஆகிய மூன்றும் தேவை. நிலத்தின் வடிவம் எளிதாகக் கிடைப்பது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்று 11 நாளில் உலகின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்து தந்த உயரத் தரவு இன்றும் பயன்படுகிறது. அதைவிடப் புதியனவும் உள்ளன. அந்தத் தரவிலிருந்து சாய்வையும், சாய்வு நோக்கும் திசையையும் கணக்கிடலாம். மேல்நோக்கிய சாய்வு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது களத்தில் வழங்கும் கணக்கு. அப்படியானால் 20 டிகிரி மேட்டில் ஏறும் தீ சமவெளியில் ஓடுவதைவிட நான்கு மடங்கு வேகத்தில் வரும். மூச்சு வாங்க மேடேறும் மனிதனோ அதே மேட்டில் மெதுவாகிறான். 1994 ஜூலை 6 அன்று கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில், காற்று திடீரென வலுத்துத் தீ சரிவில் மேலேறியபோது, 14 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் உச்சியை எட்ட முடியாமல் மாண்டவர்கள். சாய்வு வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மலையை நினைத்துக்கொள்வேன். திசையிலும் ஒரு கவனம் வேண்டும்: வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவுகள் வெயிலில் காயும், தென் அரைக்கோளத்தில் வடக்கு நோக்கியவை காயும். வேறு கண்டத்தில் தயாரான மதிப்பெண் அட்டவணையை அப்படியே படியெடுத்தால் இது தலைகீழாகிவிடும்.

எரிபொருள்தான் கடினமான பகுதி. எரிபொருள் என்று தீயணைப்போர் சொல்வது சருகு, காய்ந்த புல், புதர், சுள்ளி, தாழ்ந்த கிளை, மரக்குடை என எரியக்கூடிய எல்லாவற்றையும். செயற்கைக்கோள் மேலிருந்து மரக்குடையைத்தான் பார்க்கிறது. தீயோ பெரும்பாலும் அதன் அடியில் ஓடுகிறது. மேலிருந்து ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு காடுகளில், ஒன்றின் தரை கூட்டிப் பெருக்கியது போல இருக்கும்; மற்றொன்றில் முழங்கால் உயரச் சருகும், அதிலிருந்து மரக்குடைவரை ஏணிபோல் அடுக்கிய புதரும் கொடியும் இருக்கும். முதலாவதில் தரைத்தீ ஊர்ந்து போகும். இரண்டாவதில் அந்த ஏணியில் ஏறி மரக்குடைத் தீயாக மாறும். விமானத்திலிருந்து லேசர் கதிரைப் பாய்ச்சி அளக்கும் லிடார் தரவு, கிளைகளின் இடைவெளி வழியே கதிர் தரைவரை போய்த் திரும்புவதால், மரத்தின் உயரத்தையும், கிளை தொடங்கும் உயரத்தையும், இடையிலுள்ள அடர்த்தியையும் ஓரளவு காட்டிவிடுகிறது. லிடார் இல்லாத இடத்தில் மனிதக் காலுக்கு மாற்று இல்லை. தாவர வகை ஒவ்வொன்றிலும் சில பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, நடந்து போய், சருகின் ஆழத்தைக் குச்சியால் அளந்து, நான்கு திசையிலும் ஒளிப்படம் எடுத்து, அதன் பிறகே வரைபடத்தில் எரிபொருள் வகையை எழுத வேண்டும். அமெரிக்காவில் 1982இல் 13 வகையாகவும் 2005இல் 40 வகையாகவும் எரிபொருள் மாதிரிகளைத் தொகுத்திருக்கிறார்கள். அவற்றைக் கடன் வாங்கலாம், ஆனால் தன் வட்டாரத்துப் புல்லையும் புதரையும் அளந்து திருத்தாமல் வாங்கக் கூடாது.

அதே எரிபொருள் ஈரத்தைப் பொறுத்து வேறு பொருளாகிவிடுகிறது. விரலைவிட மெல்லிய சருகும் புல்லும் சில மணி நேரத்தில் காய்ந்து, சில மணி நேரத்தில் நமுத்துவிடும். பருத்த கட்டை காய வாரக்கணக்கில் ஆகும். கனடாவின் தீ வானிலைக் குறியீடு இதை அடிப்படையாகக் கொண்டு மூன்று ஈரக் கணக்குகளை வைத்திருக்கிறது: மேற்சருகுக்கு ஒன்று, அதன் கீழுள்ள மக்கிய அடுக்குக்கு ஒன்று, ஆழமான அடுக்குக்கு ஒன்று. வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகிய நான்கையும் தினமும் நண்பகலில் அளந்தால் போதும். ஐரோப்பிய நாடுகளும் தம் பொதுத் தீத்தகவல் அமைப்பில் இந்தக் குறியீட்டையே பயன்படுத்துகின்றன. ஆண்டுச் சராசரி மழையையும் ஆண்டுச் சராசரி வெப்பத்தையும் போட்டுத் தயாரித்த அபாய வரைபடம் ஏன் உதவாது என்பது இதிலிருந்து விளங்கும். காடு சராசரி நாளில் எரிவதில்லை. மிகக் காய்ந்த, மிகக் காற்றடித்த சில நாட்களில்தான் எரிகிறது. அந்தச் சில நாட்களின் வானிலையையே வரைபடத்தில் போட வேண்டும்.

இந்த மூன்றையும் இணைத்துப் பரவலைக் கணிக்க 1972இல் அமெரிக்கத் தீ ஆய்வாளர் ராதர்மெல் வகுத்த சமன்பாடுகள் இன்றும் பல மென்பொருள்களின் அடிப்படையாக உள்ளன. ஒரு தீயின் பாதையைச் சரியாகச் சொல்வதற்கு அவற்றை நம்பியிருக்க வேண்டாம். ஆனால் தீ பிடிக்கக்கூடிய ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து, கடுமையான நாட்களின் காற்றையும் வறட்சியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கணினியில் தீயை ஓடவிட்டால், எந்தப் படச்சதுரம் எத்தனை முறை எரிந்தது என்ற எண்ணிக்கை கிடைக்கும். திட்டமிடலுக்கு மெய்யாகவே உதவுவது அதுதான். காற்றின் திசை மாற்றத்தையும் அதில் சேர்க்காமல் விடக் கூடாது. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வடமேற்குக் காற்றில் தென்கிழக்காக நீண்டு ஓடிய தீக்களின் மேல், மாலையில் தென்மேற்குக் காற்று திரும்பி அடித்தது. அதுவரை பக்கவாட்டாக இருந்த பல கிலோமீட்டர் நீள ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் முன்னேறும் முகமாக மாறிற்று. அந்த நாளில் 173 பேர் இறந்தனர். ஒரே திசைக் காற்றை வைத்து வரைந்த படத்தில், அந்தப் பக்கவாட்டில் இருந்த ஊர்கள் பாதுகாப்பானவையாகவே தெரிந்திருக்கும்.

மூன்றாவது வரைபடம் இழப்பு. இங்கே காட்டைவிட வீட்டையும் சாலையையும் பற்றிய தரவே முக்கியம். தீயின் கொழுந்து நேரே வந்து தொட்டு எரியும் வீடுகளைவிட, காற்றில் பறந்து வரும் கங்குகள் கூரை இடுக்கிலும் சுவரோரச் சருகிலும் விழுந்து எரியும் வீடுகள் மிகுதி. ஆகவே காட்டின் எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் இருப்பவை மட்டும் அபாயத்தில் உள்ளன என்று ஒரு பட்டை வரைந்து நிறுத்திக்கொள்வது போதாது. கங்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். வீட்டைச் சுற்றிய முதல் சில மீட்டரில் எரியக்கூடியது என்ன இருக்கிறது என்பதே பெரும்பாலும் அந்த வீட்டின் கதியைத் தீர்மானிக்கிறது. அந்த அளவு நுட்பம் 30 மீட்டர் படத்தில் தெரியாது. தெருத் தெருவாகப் போய்ப் பார்த்து வரைபடத்தில் ஏற்ற வேண்டியது அது.

சாலையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். 2018 நவம்பர் 8 காலையில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரத்தைத் தீ சில மணி நேரத்தில் சூழ்ந்தபோது, மேட்டிலிருந்து இறங்கும் சில சாலைகளில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் திரண்டது. பகுதி பகுதியாக மக்களை வெளியேற்றும் திட்டமும் அதற்கான வரைபடமும் அங்கே முன்பே இருந்தன. கங்குகள் எல்லாப் பகுதியிலும் ஒருசேர விழுந்ததால் அந்த வரிசை நிற்கவில்லை. 85 பேர் இறந்தனர், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே தீயில் இறந்த 66 பேரில் பெரும்பாலோர் வெளியேறும் வழியில், சாலையில் இறந்தவர்கள். ஆகவே ஒவ்வொரு குடியிருப்புக்கும் எத்தனை வழிகள் உள்ளன, எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் வெளியேற எத்தனை மணி நேரம் ஆகும், அந்த வழிகளே எரியும் காட்டின் ஊடாகப் போகின்றனவா என்ற மூன்றையும் கணக்கிட்டாக வேண்டும். தீ வந்து சேரும் நேரத்தைவிட வெளியேறும் நேரம் கூடுதலாக வரும் ஊர்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். நிதி குறைவாக இருந்து ஒரே ஒரு வரைபடம்தான் தயாரிக்க முடியும் என்றால், நான் தயாரிக்கச் சொல்வது இந்த வரைபடத்தைத்தான்.

சாலைத் தரவு கணினியில் இருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. ஒருமுறை ஒரு வட்டாரத்தின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, மேசைமேல் விரித்து, களப்பணியாளர்களைச் சுற்றி உட்கார வைத்தோம். ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு வனக் காவலர் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலை எடுத்து ஓர் ஓடையின் மேல் சிறு பெருக்கல் குறி போட்டார். "ஐயா, இந்தப் பாலத்தில் ஜீப் போகும், தண்ணீர் லாரி ஏறாது" என்றார். அந்தப் பாலத்தை நம்பித்தான் மூன்று குடியிருப்புகளுக்குத் தீயணைப்பு வண்டி போகும் வழியைக் கணக்கிட்டிருந்தேன். பிறகு அவர் பென்சில் ஓயவில்லை: பூட்டிய கேட், கோடையில் வற்றும் குளம், வண்டி திரும்ப இடமில்லாத முட்டுச் சந்து, வானொலி எடுக்காத பள்ளம். அன்று மாலைக்குள் அந்தத் தாளில் ஏறிய குறிகள், நான் ஆறு மாதம் சேர்த்த தரவைவிடப் பயனுள்ளவையாக இருந்தன. அன்று முதல், அச்சிட்ட தாளும் பென்சிலும் இல்லாமல் எந்த வட்டார வரைபடத்தையும் முடித்ததாகச் சொல்வதில்லை.

மூன்று வரைபடங்களும் தயாரானதும், தீ வரும் முன்பே உட்கார்ந்து, நிலத்தைத் தீயால் கடக்க முடியாத கோடுகளால் கட்டங்களாகப் பிரிப்பது நல்ல நடைமுறை. அகலமான சாலை, ஆறு, பாறை முகடு, அண்மையில் எரிந்த தழும்பு ஆகியவை இயற்கையான வேலிகள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் வனத்துறையும் தீயணைப்போரும் இப்படிச் சேர்ந்து கட்டங்களை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தீ வந்தால் உடனே அணைப்பதா, எல்லைக் கோட்டில் நின்று தடுப்பதா என்று முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். புகையும் பதற்றமும் சூழ்ந்த நள்ளிரவில் எடுக்க வேண்டிய முடிவு, மழைக்காலப் பகலில் எடுக்கப்பட்டிருப்பது எத்தனை பெரிய உதவி என்பது தீமுகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். புதிதாக வெட்டவிருக்கும் தீத்தடுப்புக் கோட்டையும், எரிபொருளைக் குறைக்கும் வேலையையும் இந்தக் கட்டங்களின் ஓரங்களோடு இணைத்தால், தனித்தனியே சிதறிக் கிடக்கும் வேலைகள் ஒன்றையொன்று தாங்கும்.

எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். இப்போது, பழைய தரவைக் கொடுத்துக் கணினியையே கற்கவைக்கும் இயந்திரக் கற்றல் முறையில் அபாய வரைபடம் தயாரிப்பது வழக்கமாகிவிட்டது. 90 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். எரிந்த புள்ளிகளைக் குலுக்கிப் போட்டு, பாதியைக் கற்பிக்கவும் பாதியைச் சோதிக்கவும் எடுத்திருந்தால், ஒரே தீயின் அடுத்தடுத்த புள்ளிகள் இரண்டு பக்கமும் போயிருக்கும்; விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவதற்கு அது சமம். சில ஆண்டுகளை முழுவதுமாக ஒதுக்கி வைத்து, முந்தைய ஆண்டுகளைக் கொண்டு கற்பித்து, ஒதுக்கிய ஆண்டுகளின் தீயை அது எவ்வளவு கணித்தது என்று பார்ப்பதே சரியான சோதனை. துல்லியம் குறைந்தே வரும். அந்தக் குறைந்த எண்ணே உண்மையானது. வரைபடத்தின் ஓரத்தில் தரவு எந்த ஆண்டினது, படச்சதுரம் எத்தனை மீட்டர், எந்தக் காற்றுக்குக் கணக்கிட்டது என்ற மூன்றையும் அச்சிடாமல் வெளியே அனுப்பக் கூடாது.

எத்தனை நாள் நம்பலாம் என்பது அடுக்குக்கு அடுக்கு மாறும். நிலத்தின் உயரத் தரவு பத்தாண்டு ஆனாலும் பெரிதாகக் கெடாது. சாலை, பாலம், நீர்நிலை ஆகியவற்றை ஒவ்வொரு தீப்பருவத்துக்கு முன்பும் நேரில் சரிபார்க்க வேண்டும். வீடுகளின் அடுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்பட வேண்டும். காட்டோரத்தில் குடியிருப்பு எவ்வளவு விரைவில் பெருகுகிறது என்பது பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால் தெரியும். எரிபொருள் அடுக்கு ஒரு பெருந்தீயிலோ, புயலிலோ, பூச்சித் தாக்குதலிலோ ஒரே வாரத்தில் பழையதாகிவிடும். ஈரமும் காற்றும் அன்றன்று மாறுபவை.

ஒரு பெருந்தீ முடிந்தபின் முதல் மேகமற்ற செயற்கைக்கோள் படம் கிடைத்த உடனே எரிவின் கடுமையை வரைபடமாக்க வேண்டும். எரிபொருள் அடுக்கைத் திருத்துவதைவிட அவசரமான காரணம் இதற்கு உண்டு. கடுமையாக வெந்த சரிவில் வேரும் சருகும் இல்லை, மண்ணின் மேற்பரப்பும் பல இடங்களில் நீரை உறிஞ்சாமல் தள்ளும். கலிபோர்னியாவில் 2017 டிசம்பரில் எரிந்த தாமஸ் தீயின் தழும்பில், 2018 ஜனவரி 9 அதிகாலை பெய்த கனமழை சேற்றையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு மாண்டெசிட்டோ ஊருக்குள் இறங்கியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 23 பேர் பலியாயினர். எரிவின் கடுமை, சாய்வு, ஓடைகளின் போக்கு ஆகிய மூன்று அடுக்குகளையும் மேலடுக்கினால், எந்த ஓடையின் வாயில் எந்தத் தெரு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தத் தெருக்களின் பட்டியல் முதல் மழைக்கு முன் எச்சரிக்கை கொடுப்பவர்களின் கையில் இருக்க வேண்டும்.